கூலிக்கு அழைக்கப்படாதவர்கள்



அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன ஓர் உவமையை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். ஒரு வீட்டு எஜமான் தன் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் தேடி விடியற்காலையில் புறப்படுகிறான். நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசிச் சிலரை அனுப்புகிறான். பிறகு நேரம் விட்டு நேரம் மறுபடியும் போய் இன்னும் சிலரை அனுப்புகிறான். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது கடைத்தெருவுக்குப் போனால், அங்கே இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள். நாள் முழுவதும் இப்படிச் சும்மா நிற்கக் காரணம் என்ன என்று விசாரிக்கிறான். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். அவன் அவர்களையும் தோட்டத்துக்கு அனுப்புகிறான். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது அவர்களுக்கும் அதே ஒரு பணத்தைக் கொடுக்கிறான்.

இந்த உவமையைப் பிரசங்கிக்கும் போதெல்லாம், கடைசி நேரத்தில் மனந்திரும்பும் பாவிக்கும் மோட்ச பாக்கியம் உண்டு என்ற ஞான அர்த்தத்தையே உங்களுக்குச் சொல்லி வந்தேன். அது மெய்யான அர்த்தம்தான். ஆனால் இந்த வருஷம் அந்தக் கூலியாட்களின் பதில் என் மனதை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதை உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் என் குற்றமும் இருக்கிறது, நம் பங்கின் குற்றமும் இருக்கிறது.

நம் கோவில் சுவரில் நடந்தது

மே மாதம் 1-ந் தேதி, தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாளுக்காக நம் கோவிலுக்கும் சுற்றுச்சுவருக்கும் வர்ணம் அடித்தோம். மூன்று மேஸ்திரிகள் கணக்குக் கொடுத்தார்கள். அதில் ஒருவருடைய கணக்கு மற்ற இரண்டையும்விடக் குறைவாக இருந்தது. பங்குப் பேரவையார் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். காணிக்கைப் பணம் மிச்சமாயிற்று என்று சர்வேசுரனுக்கு நன்றி கூடச் சொன்னேன்.

வேலை பதினோரு நாள் நடந்தது. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாரம் கட்டி ஏறி, கோபுரத்துச் சிலுவை வரைக்கும் பிள்ளைகள் நேர்த்தியாகச் செய்தார்கள். திருநாளன்று வந்தவர்கள் எல்லாரும் கோவிலின் அழகைப் புகழ்ந்தார்கள்.

திருநாள் முடிந்த மறுவாரம், அந்த வேலைக்காரரில் ஒரு வாலிபன் காலைப் பூசைக்குப் பின் என்னிடம் வந்தான். எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்டுவிட்டு, யாரோடும் பேசாமல் போகிற பிள்ளை. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஆனால் பேர் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்டதில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனும் தாயும் 1990-ல் கையில் ஒரு துணிமூட்டையும் மடு மாதா படமுமாகப் படகேறி வந்தவர்கள். இவன் இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, பி.காம். முதல் வகுப்பில் தேறியவன்.

வந்தவன் பணம் கேட்கவில்லை. ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலைக்கு மனுப் போட்டிருப்பதாகவும், தன் நடத்தையைப் பற்றி ஒரு நற்சான்றுக் கடிதம் தர முடியுமா என்றும் கேட்டான். இதற்கு முன் மூன்று இடங்களில் பரீட்சையிலும் நேர்முகத்திலும் தேறியும், விலாசத்தில் முகாம் என்று கண்டவுடன், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம். கடிதம் எழுதிக்கொண்டே, வர்ண வேலையில் நாளுக்கு என்ன கிடைக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அறுநூற்றைம்பது என்றான். கூட வேலை செய்த உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, தொள்ளாயிரம் என்றான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் ஒளிக்கவில்லை. "சாமி, முகாம் ஆளுக்கு இதுதான் ரேட்டு. நானாவது கூப்பிடுகிறேன். வேறு யார் அவர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள்?" என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. அவருடைய கணக்கு ஏன் குறைவாக இருக்கிறது என்று ஒரு கேள்வியும் கேளாமல் கையெழுத்துப் போட்டவன் நான். முகாம் பிள்ளைகள் நான்கு பேர், பதினோரு நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு இருநூற்றைம்பது ரூபாய் குறைவு. ஆகப் பதினோராயிரம் ரூபாய். தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் கோவிலுக்கு, கூலி குறைக்கப்பட்ட தொழிலாளரின் கையால் வர்ணம் அடித்துத் திருநாள் கொண்டாடியிருக்கிறோம்! மிச்சம் பிடித்தோம் என்று நாம் மகிழ்ந்த பணம் நம் மிச்சமல்ல, அவர்கள் கூலி.

இவர்கள் யார்?

இந்தப் பிள்ளையின் கதை ஒரு பிள்ளையின் கதையல்ல. 1983-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இலங்கையில் தமிழர்மேல் நடந்த கொடுமைகளுக்குப் பின், உயிர் தப்பக் கடல் கடந்து வந்தவர்கள் ஆயிரமாயிரம். 2009-ல் அங்கே யுத்தம் முடியும் வரையில் அலை அலையாக வந்தார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். திரும்பிப் போக வீடும் நிலமும் இல்லாதவர்கள் தங்கினார்கள். 2021-ல் எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் 108 முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேரும், முகாமுக்கு வெளியே ஏறக்குறைய 34,000 பேரும் இருந்தார்கள். அவர்களில் பாட்டனார் பாட்டியும் உண்டு, இந்த மண்ணிலேயே பிறந்த பேரப்பிள்ளைகளும் உண்டு.

அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாடு அரசு அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, புது வீடுகள் கட்ட முன்வந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று உதவித் தொகையையும் உயர்த்தியது. அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 1,500 ரூபாய் என்பது நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். அதைக் கொண்டு யாரும் பிள்ளையைப் படிக்க வைத்து, மகளைக் கட்டிக்கொடுத்து, வயோதிகத் தாய்க்கு மருந்து வாங்க முடியாது. வேலை வேண்டும். அந்த வேலைதான் அவர்களுக்கு எட்டாமல் இருக்கிறது.

வேலைக்கு முன் நிற்கும் சுவர்கள்

ஏன் எட்டவில்லை? ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்கள் நிற்கின்றன.

முதற் சுவர் குடியுரிமை. 1987-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதிக்குப் பின் இந்தியாவில் பிறந்தாலும், தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் பிள்ளை பிறப்பால் குடிமகன் ஆகாது என்பது சட்டம். 2004-ம் வருஷத்துக்குப் பின் அது இன்னும் கடுமையாயிற்று. 2019-ல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கே வழி திறக்கப்பட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அகதிகளைப் பற்றிய 1951-ம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கை அகதிக்கு வேலை செய்து பிழைக்கும் உரிமையைப் பேசுகிறது. அதில் இந்தியா கையெழுத்திடவில்லை.

இரண்டாம் சுவர் முதற் சுவரிலிருந்து எழும்புகிறது. நம் அரசியல் சட்டத்தின் 16-ம் விதி அரசாங்க வேலையில் சம வாய்ப்பைக் குடிமக்களுக்கே வாக்களிக்கிறது. ஆகையால் எவ்வளவு படித்தாலும் அந்தக் கதவு அவர்களுக்குத் திறப்பதில்லை. சட்டம் படித்துத் தேறியவனும், 1961-ம் வருஷத்து வழக்கறிஞர் சட்டப்படி, குடியுரிமை இல்லாமல் வக்கீலாகப் பதிவு செய்துகொள்வது அரிது.

மூன்றாம் சுவர் முகாமேதான். வேலை பட்டணத்தில் இருக்கிறது, பதிவோ முகாமில் இருக்கிறது. கணக்கெடுக்கும் நாளில் நேரில் இருக்க வேண்டும். வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும். பதிவு போய்விடுமோ என்ற அச்சம் எப்போதும் தலைக்கு மேல். அப்படியிருக்க, மாதச் சம்பளத்துக்கு இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய் நிலையாக இருப்பது எப்படி? ஆகவேதான் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய கூலி வேலையை, முக்கியமாக வர்ணம் அடிப்பதை, அவர்களில் அநேகர் பிடித்துக்கொண்டார்கள். பட்டதாரி ஒருவன் பிரஷ் பிடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. கைத்தொழில் செய்த ஆண்டவரை வணங்கும் நமக்கு எந்தத் தொழிலும் தாழ்ந்ததல்ல. ஆனால் மற்றெல்லாக் கதவும் அடைபட்டதினாலே ஒருவன் ஒரு தொழிலுக்குத் தள்ளப்படுவதும், அவனே விரும்பித் தேர்ந்துகொள்வதும் ஒன்றல்ல.

நான்காம் சுவர் கல்லாலும் சட்டத்தாலும் கட்டியதல்ல. அது நம் மனதினால் கட்டியது. ஒரு தனியார் கடையோ கம்பெனியோ முகாம் பிள்ளையைக் கணக்கெழுதவோ, வண்டி ஓட்டவோ, பொருள் விற்கவோ கூப்பிட மனமிருந்தால் வழி காணலாம். மனமில்லாதவர்கள், ஏன் வீண் தொல்லை, யாராவது வந்து விசாரித்தால் என்ன செய்வது என்று கதவைச் சாத்துகிறார்கள். கூப்பிடுகிறவர்களிலும் சிலர் கூலியைக் குறைக்கிறார்கள், உயரமான சாரத்தில் முதலில் அவர்களையே ஏற்றுகிறார்கள், விழுந்து கால் ஒடிந்தால் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுகிறார்கள். எதிர்த்துக் கேட்டால், முகாம்காரனுக்கு இவ்வளவு வாயா என்கிறார்கள். அவன் போலீசுக்குப் போகப் பயப்படுவான் என்பது இவர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தையே முதலாக வைத்து லாபம் எடுக்கிறார்கள்.

முதல் மூன்று சுவர்களை இடிப்பது அரசாங்கத்தாரின் காரியம். 2025-ம் வருஷம் செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-ந் தேதிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அது ஓர் ஆறுதல். ஆனாலும் அது குடியுரிமை அல்ல. அதற்காக நாம் வேண்டிக்கொள்ளவும், நியாயமான முறையில் பேசவும் கடமைப்பட்டிருக்கிறோம். நான்காம் சுவரோ நம் காரியம். அதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.

நாம் சொல்லும் சாக்குப்போக்குகள்

"வேறு யார் அவர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள்?" என்று மேஸ்திரி கேட்டார். இது தர்மம் போல வேஷம் போட்ட அநியாயம். தாகத்தால் தவிக்கிறவனிடம் ஒரு குவளைத் தண்ணீரைப் பத்து மடங்கு விலைக்கு விற்றுவிட்டு, நானாவது விற்றேனே என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிறனுடைய கஷ்டம் அவனுக்கு உதவி செய்யக் காரணமாக வேண்டுமேயன்றி, அவன் கூலியைக் குறைக்கக் காரணமாகலாகாது.

"நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை, வந்தவர்களுக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குத் தெரியும். வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் நம் பங்கில் எத்தனை பேர் என்று அறியாதவன் அல்ல. ஆனால் யோசித்துப் பாருங்கள். உள்ளூர்ப் பிள்ளைக்குத் தொள்ளாயிரமும் முகாம் பிள்ளைக்கு அறுநூற்றைம்பதும் என்றிருக்கும் வரையில், மேஸ்திரி யாரைக் கூப்பிடுவார்? அகதியின் கூலியைக் குறைப்பதினாலேதான் உள்ளூரானின் வேலை போகிறது. இருவருக்கும் ஒரே கூலி என்றால், திறமை பார்த்து ஆள் எடுப்பார்களேயன்றி மலிவு பார்த்து எடுக்க மாட்டார்கள். ஆகையால் அகதிக்குச் செய்யும் நியாயம் உங்கள் சொந்தப் பிள்ளைக்கும் காவல்.

"சட்டம் அப்படி" என்றும் சொல்கிறீர்கள். சட்டத்தை முழுதும் படித்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். 16-ம் விதி குடிமக்களுக்கானது. ஆனால் சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14-ம் விதியும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ம் விதியும் இந்த நாட்டிலுள்ள எல்லா மனிதருக்கும் உரியவை. வேலைக்கு அழைத்தவனின் கூலியில் கைவைக்க எந்தச் சட்டமும் உங்களுக்கு அதிகாரம் தரவில்லை.

திருச்சபையின் போதனை

நம் சிறு வயதில் படித்த ஞானோபதேசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வானத்தை நோக்கி நீதி கேட்டு முறையிடும் பாவங்கள் என்று திருச்சபை சிலவற்றைத் தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. கொலை அவற்றில் ஒன்று. ஏழைகளை ஒடுக்குவது ஒன்று. கூலியாளின் கூலியை வஞ்சிப்பது ஒன்று. கொலைபாதகத்தோடு ஒரே வரிசையில் கூலி மோசம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 1992-ல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூல், அந்நியனுடைய கூக்குரலையும் இவற்றோடு சேர்த்துச் சொல்கிறது.

பழைய ஏற்பாட்டிலும் இதே போதனைதான். உபாகமம் 24-ம் அதிகாரத்தில், ஏழைக் கூலியாள் உன் இனத்தானாயினும் உன் ஊரில் தங்கிய அந்நியனாயினும் அவனை ஒடுக்காதே, பொழுது அடையுமுன் அவன் கூலியைக் கொடு என்று மோயீசன் வழியாகச் சர்வேசுரன் கட்டளையிட்டார். அதற்குக் காரணம் வேறிடத்தில் சொல்லப்படுகிறது. இஸ்ராயேலரும் எஜிப்து தேசத்தில் அந்நியராயிருந்து செங்கல் அறுத்தவர்களே. அர்ச். யாகப்பரோ, பிடித்துவைத்த கூலியே கூக்குரலிட்டு ஆண்டவரின் செவியில் விழுகிறது என்று எச்சரிக்கிறார். கூலிக்காரன் பயந்து வாய் மூடினாலும் அவன் கூலி வாய் மூடாது!

12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1952-ல் எழுதிய சாசனத்தில், ஏரோதுக்குத் தப்பி எஜிப்துக்கு ஓடிய திருக்குடும்பமே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் மாதிரியும் அடைக்கலமும் என்று போதித்தார். அந்த எஜிப்து வாசத்தைச் சற்று தியானியுங்கள். அர்ச். சூசையப்பர் அங்கே தெரியாத தெருவில் உளியும் வாய்ச்சியுமாக நின்று வேலை கேட்டிருப்பாரன்றோ? யாரோ ஒரு எஜிப்தியன், நீ எந்த ஊர் என்று கேட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம். வேறொருவன் வேலை கொடுத்துப் பாதிக் கூலி கொடுத்திருக்கலாம். இன்னொருவன் பேசின கூலியை முழுதாகக் கையில் வைத்திருக்கலாம். அப்படி வைத்தவன் தேவபாலனுக்கு அப்பம் கொடுத்தவன் ஆனான். அவன் அதை அறியவில்லை. நமக்கோ அறியாமை என்ற சாக்கும் இல்லை. அந்நியனுக்குச் செய்தது தமக்கே செய்தது என்று ஆண்டவர் முன்னமே சொல்லி வைத்திருக்கிறார்.

அருள் சின்னப்பர் பாப்பரசர் 1981-ல் தொழிலைப் பற்றி எழுதிய நிருபத்தில், பிழைப்புக்காகப் பிற நாட்டிலிருந்து வந்த தொழிலாளி உரிமைகளில் அந்த நாட்டுத் தொழிலாளியைவிடத் தாழ்ந்தவனாக நடத்தப்படலாகாது என்றும், அவன் நிலைமையைச் சுரண்டலுக்கு வாய்ப்பாக்கலாகாது என்றும் கற்பித்தார். காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2013-ல் ரோமாபுரிக்கு வெளியே முதல் அதிகாரபூர்வப் பயணமாகப் போன இடம், அகதிகளின் படகுகள் வந்து ஒதுங்கும் லாம்பெதூசா தீவு. இப்போதைய பாப்பரசர் 14-ம் சிங்கராயர், 1891-ல் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த 13-ம் சிங்கராயரை நினைத்தே தாம் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்போஸ்தலர் நடபடி 18-ம் அதிகாரத்தையும் வீட்டில் வாசியுங்கள். இராயனாகிய கிளவுதியு யூதரையெல்லாம் ரோமாபுரியை விட்டுத் துரத்தியபோது, ஆக்கிலா என்பவரும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் அகதிகளாகக் கொரிந்துக்கு வந்தார்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அவர்களுக்குத் தொழில் செய்ய ஓர் இடம் கிடைத்தது. அதனால் என்ன விளைந்தது? அர்ச். சின்னப்பர் அந்த ஊருக்கு வந்தபோது, அவருக்கு வேலையும் தங்க இடமும் கொடுத்தவர்கள் அவர்களே. ஓர் அகதிக்குத் தொழில் செய்ய இடம் கிடைத்ததினால் அப்போஸ்தலருக்கு அன்னம் கிடைத்தது, கொரிந்துக்குச் சுவிசேஷம் கிடைத்தது.

நாமும் கூலிக்குப் போனவர்களே

தமிழருக்கு இது புதிதல்ல. நம் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், மலாயாவுக்கும் கூலிகளாகப் போனார்கள். இலங்கைக்குப் போனவர்களை நோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைத்த இடம் இராமேசுவரத்துக்கு இப்புறமுள்ள மண்டபம் முகாம். பல வருஷங்களுக்குப் பின், அங்கிருந்து தப்பி வந்த அகதிகளை முதலில் தங்க வைத்ததும் அதே மண்டபம்தான்.

1948-ல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தினால் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரி – ஸ்ரீமாவோ உடன்படிக்கைப்படி அவர்களில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா சம்மதித்தது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்காகவே 1968 முதல் நீலகிரிப் பக்கத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாக்கப்பட்டன. அங்கும் குறைகள் உண்டு, கண்ணீரும் உண்டு. ஆனாலும் குடியுரிமையும் வேலையும் கிடைத்த இடத்தில் அந்த மக்கள் வேர் ஊன்றினார்கள். குடியுரிமையும் இல்லாமல் நிலையான வேலையும் இல்லாமல் நிறுத்தப்பட்டவர்களோ நாற்பது வருஷமாகியும் முகாமிலேயே இருக்கிறார்கள். கை ஒன்றுதான், உழைப்பு ஒன்றுதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

பழைய கதை வேண்டாமென்றால், உங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். வளைகுடா நாடுகளில் பிள்ளை வேலை செய்யாத தெரு நம் பங்கில் ஏது? பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டான், பேசின சம்பளம் ஒன்று கொடுத்தது ஒன்று, மூன்று மாதமாகச் சம்பளமில்லை என்று மகன் போனில் அழுத இரவு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்! அன்று நீங்கள் கோவிலுக்கு ஓடி வந்து மெழுகுவர்த்தி கொளுத்தினீர்கள். அந்த முதலாளியின் மனதை மாற்றும்படி தேவமாதாவை மன்றாடினீர்கள். முகாமிலும் ஒரு தாய் அதே தேவமாதாவின் முன் முழங்காலிட்டு, ஒரு முதலாளியின் மனதை மாற்றும்படி மன்றாடுகிறாள். அந்த முதலாளி நீங்களாக இருந்தால்?

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து நம் ஊர் ஓட்டல்களிலும் கட்டட வேலையிலும் உழைக்கிறவர்களையும் மறவாதேயுங்கள். அவர்கள் அகதிகள் அல்லர், நம்மைப் போல இந்தியக் குடிமக்கள். பாஷைதான் வேறு. 2020-ம் வருஷம் ஊரடங்கின்போது அப்படிப்பட்ட தொழிலாளர் எத்தனையோ பேர் பிள்ளைகுட்டிகளோடு சொந்த ஊருக்கு நடந்தே போனதைப் பார்த்தோம். அவர்களைக் கேலிப் பேர் சொல்லி அழைப்பதும், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு எட்டு மணிக் கூலி கொடுப்பதும் கிறிஸ்தவன் செய்கிற காரியமல்ல.

ஆத்தும சோதனை

ஆகையால் பிரியமானவர்களே, அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஒவ்வொருவரும் தன்னைத்தான் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையோ பட்டறையோ கம்பெனியோ வைத்திருப்பவர்களே! ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுக்கிறீர்களா? வேலை கேட்டு வந்தவனின் விலாசத்தைப் பார்த்தா, அவன் திறமையைப் பார்த்தா பதில் சொல்கிறீர்கள்?

வீடு கட்டுகிறவர்களே! மேஸ்திரியின் கணக்கு மலிவாக இருந்தால், அந்த மலிவு யாருடைய கூலியிலிருந்து வந்தது என்று விசாரிக்கிறீர்களா? நான் விசாரிக்கவில்லை. நீங்களாவது விசாரியுங்கள்.

கூட வேலை செய்கிறவர்களே! முகாம் பிள்ளைக்குக் கூலி குறைத்தபோது, நமக்கென்ன என்று இருந்தீர்களா? தண்ணீர்க் குவளையையும் சாப்பிடும் இடத்தையும் தனியாக வைத்தீர்களா? முதல் மணிக்கு வந்தவர்கள் கடைசி மணிக்கு வந்தவர்களைப் பார்த்து முறுமுறுத்தார்கள் என்று உவமை சொல்கிறது. எஜமான் கடிந்துகொண்டது அவர்களையே.

தாய்மார்களே! வீட்டு வேலைக்கு வரும் முகாம் பெண்ணுக்கு, அவள் வேறெங்கும் போகமாட்டாள் என்ற தைரியத்தில் சம்பளத்தைக் குறைத்தீர்களா? பழைய சேலை கொடுத்ததை அந்தக் குறைவுக்கு ஈடாகக் கணக்கு வைத்தீர்களா? தர்மம் வேறு, நியாயம் வேறு. நியாயமாகச் சேரவேண்டியதைக் கொடுத்த பின்பே தர்மம் ஆரம்பமாகிறது.

திரும்பக் கொடுத்தல்

ஏழாம் கற்பனைக்கு விரோதமாகச் செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் மட்டும் போதாது, எடுத்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. பிறருக்குப் பிரசங்கித்துவிட்டு நான் சும்மா இருக்கலாகாது. ஆகையால் பங்குப் பேரவையோடு கலந்து பேசி, அந்தப் பதினோராயிரம் ரூபாயை நால்வருக்கும் சரிசமமாக அவரவர் கையில் கொடுத்துவிட்டோம். அதில் பாதி திருநாள் மிச்சத்திலிருந்து வந்தது. மறுபாதியை, நான் கேளாமலே, மேஸ்திரி கொண்டுவந்து வைத்தார். அவருக்குச் சர்வேசுரன் பலனளிப்பாராக.

இதை உதவி என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது சரி. இது பாக்கிக் கூலி. கோவில் பேரேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

இனிமேல் நம் கோவிலிலும் பள்ளிக்கூடத்திலும் நடக்கும் எந்த வேலைக்கும், வேலையாட்களின் கூலி விகிதத்தை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவோம். உள்ளூரார், முகாமார், வடநாட்டார் என்ற பேதமில்லாமல் ஒரே விகிதம். அதற்குச் சம்மதிக்கிற மேஸ்திரிக்கே வேலை. செலவு கொஞ்சம் கூடும். கூடட்டும். அர்ச். சூசையப்பர் தமது கோவிலின் வர்ணம் மங்கியிருப்பதைப் பொறுத்துக்கொள்வார், தமது தொழிலாளரின் கூலி குறைவதைப் பொறுக்கமாட்டார்.

உங்களில் கடையும் தொழிலும் நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். முகாமில் கணக்குப் படித்தவர்களும், கம்ப்யூட்டர் படித்தவர்களும், நர்ஸ் வேலை படித்தவர்களும், தையல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆள் தேவைப்படும்போது பங்கு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சலுகை காட்ட வேண்டியதில்லை. மற்றவர்களைப் போல அவர்களையும் சோதித்துப் பாருங்கள். தேறினால் எடுங்கள், முழுச் சம்பளம் கொடுங்கள்.

கடைசியாக, அந்தக் கணக்கெழுதும் வேலை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். நான் எழுதிய கடிதத்துக்கு இந்த இதழ் அச்சுக்குப் போகும் வரையில் பதில் வரவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் சாரத்தில்தான் நிற்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் கடைசி பெஞ்சில் இருப்பான். இந்த முறையாவது போய்ப் பேர் கேளுங்கள். உவமையிலுள்ள எஜமான் செய்த முதற்காரியம் அதுவே. கடைத்தெருவுக்குத் தானே போனான், நின்றவனிடம் பேசினான், அவன் சொன்ன பதிலை நம்பினான். கூலி அதன் பிறகு வந்தது.

பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நம் ஆயுசின் பொழுதும் அப்படியே. அது அடையுமுன், கூப்பிடப்படாதவர்களைக் கூப்பிடும் மனதையும், கூப்பிட்டவர்களுக்கு முழுக் கூலி கொடுக்கும் நீதியையும், தொழிலாளரான அர்ச். சூசையப்பருடைய மன்றாட்டினால் சர்வேசுரன் நம் எல்லாருக்கும் தந்தருள்வாராக.

ஆமென்.

உங்கள் பங்கு குரு